இறக்கை மடிகிற இடம்

தம்பி சேவியர்,

நலமா என்று கேட்டு எழுத வெட்கமாக இருக்கிறது. காலையில்தான் என் கையால் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றுவிட்டு, வாயைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அப்பாவோடு ராகலைக்குக் கிளம்பிப் போனாய். மரக்கறி ஏற்றுகிற பெரிய லொறியைப் பேசிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவீர்கள். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய் இந்த அட்டனில் நான் ஒருத்திதான் இருப்பேன். என்ன செய்வது? நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் இந்த வீட்டில் முடிக்க விடுகிறவர் யார்? அப்பா பாதியில் சுத்தியலை எடுப்பார். நீ பாதியில் சிரிப்பாய். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. மாதா கோயிலில் புதுநன்மை வாங்கப் போகிற ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை, ஒரு கை மட்டும் வைத்தபடி மெஷினில் கிடக்கிறது. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. திரும்பி வந்தால் எழுத நினைத்தது மறந்துபோகிறது. நாளை விடிய நம் பறக்கிற வண்டியை லொறியில் ஏற்றுவீர்கள். மறுநாள் இரத்மலானை விமானத் திடலில், பெரிய உத்தியோகத்தர்கள் பார்க்க நீ அதைப் பறக்க வைப்பாய். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால், நம் கடைவீதி இரும்புக்கடை சிதம்பரம் முதலாளி கொழும்பில் போட்டிருக்கும் கொட்டகையில் அதே மாதிரி பன்னிரண்டு வண்டிகள் செய்யப்போகிறீர்கள். கொட்டகைக்கு நீதான் பொறுப்பு. இனி நீ வீட்டுக்கு எப்போது வருவாயோ தெரியாது. சந்தோஷம்தான் எனக்கு, இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் அந்தப் பன்னிரண்டு வண்டிகளிலும் ஏறி உட்காரப் போகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். யுத்த காலத்தில் கடற்கரைப் பக்கம் விமானப் பட்டறையில் பிட்டராக இருந்தார். யுத்தம் முடிந்து வந்து இங்கே கராஜ் போட்டு, தோட்டத்து லொறிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தார். ஒரு மழைக்காலத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மண் சரிந்து, லொறியோடு ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டார். நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்து, துவாயைக்கூட வாங்காமல் நின்றபடியே சொன்னார்: "எதுத்த மலையில தேயிலை ஸ்டோரு தெரியுது. கூப்பிட்டா ஆளு திரும்பிப் பாக்குது. போய்ச் சேர அரை நாளு! நாம என்ன புழுவா, நெளிஞ்சு நெளிஞ்சு போறதுக்கு?" காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, உளறல் விடவில்லை. அதே சமயத்தில்தான் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மைப் போன்றவர்களின் பிரஜாவுரிமையும் போனது. கராஜ் சுவரில் கரிக்கட்டியால் இறக்கை வரைந்துகொண்டே, "இந்த நாட்டுல நமக்கு ஒரு துண்டு பேப்பர் இல்ல. நாம செஞ்ச வண்டி இந்த நாட்டுக்கு மேல பறக்கட்டும், எவன் மறிக்கிறான்னு பாப்போம்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்த முகத்துக்காகத்தான் பல விஷயங்களைப் பொறுத்துக்கொள்கிறேன். நீயும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன இங்கிலீஷ் காரை வெட்டி, பின்னால் ஏலத்தில் எடுத்த பழைய விமான எஞ்சினையும் விசிறியையும் பொருத்தி, இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற இறக்கை வைத்தார். இறக்கைக்கு மரச் சட்டம், அதற்கு மேல் துணி. அந்தத் துணி என் வேலை. துணியை மேளத்தோல் மாதிரி இறுக்குகிற ஒரு மருந்தை அதற்கு மேல் பூசுவார். அந்த வாடையில் நீ ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோறு தின்ற காலம் நினைவிருக்கிறதா? மற்ற இடமெல்லாம் இறுக்கித் தைக்கலாம். இறக்கை மடிகிற இடத்தில் இறுக்கினால் மடிக்கும்போதே கிழியும். நான் இரண்டு நாள் யோசித்து, ரவிக்கைக்கு அக்குளில் துண்டு வைப்பது போல அங்கே தளர்வாக ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அப்பா இறக்கையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "இது எந்த வெள்ளைக்காரனுக்கும் தோணாது புள்ள" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக்கூட அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை.

அட்டனில் சமதரை ஏது? பறக்க வேண்டுமென்றால் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போக வேண்டும். கார்தானே, ஓட்டிக்கொண்டே போகலாம் என்பதில்தான் அப்பாவுக்குப் பெருமை. இறக்கையை முதுகுப் பக்கம் மடக்கிக்கொண்டு தலவாக்கலை வழியாக நீ ஓட்டிப் போவாய். அப்பா பக்கத்தில். நானும், கராஜில் அப்பாவோடு வேலை செய்த முருகேசுவும் பின்னால் பஸ்ஸில். கடைவீதிக்காரர்கள் அதற்குக் குடை வண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் நானுஓயாவில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தாராம். சுற்றிச் சுற்றி வந்து, "மேக்க மொகத?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார், இது என்ன என்று. அப்பா ஒரு நெளிவும் இல்லாமல், "கார் எக்கக் மஹத்தயா" என்றாராம், கார்தான் ஐயா என்று. லைட் எரிகிறதா, ஹோன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரும் போ என்றுவிட்டார். அன்று திடலில் வண்டி ஆள் உயரத்துக்கு எழும்பி, கொஞ்ச தூரம் போய் இறங்கியது. அப்பா ஓடிப் போய் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு மழை விட்ட ஞாயிறெல்லாம் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள். குண்டும் குழியுமான அந்த ரோட்டில், அத்தனை வளைவுகளிலும், மடித்த இறக்கை குலுங்கிக் குலுங்கிப் போகும். பின்னால் பஸ்ஸிலிருந்து நான் பார்த்துக்கொண்டே வருவேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்.

பிறகு அந்த ஆயுத பூசை. நாம் வேதக்காரர்களாக இருந்தாலும் கராஜ் ஆட்கள் பூசை போடுவதை அப்பா தடுத்ததில்லை. காலையில் பாதர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மத்தியானம் முருகேசு குளித்து, திருநீறு பூசி, சந்தனம் கரைத்து, ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். பறக்கிற வண்டிக்கு மட்டும் சாதாரணமாக வைப்பானா? எஞ்சினுக்கு, சக்கரத்துக்கு, விசிறிக்கு, இறக்கை நுனிக்கு என்று பார்த்துப் பார்த்து வைத்தான். இறக்கையின் முன்னால் விரல் மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்குமே, காற்று அதற்குள் புகுந்துதான் வேகம் காட்டுகிற முள் நகரும் என்பாயே, அதன் முனையிலும் ஒரு பொட்டு. பக்தியோடு வைத்த சந்தனம் காய்ந்து குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு நீ மரத்து உயரத்துக்கு எழும்பினாய். இடது பக்கம் சரிந்தாய். பிறகு நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் திடீரென்று, சும்மா துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதுகூடக் கேட்கும்.

தோள் எலும்பு முறிந்து, நெற்றியில் கட்டுப் போட்டு உன்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா திடலில் வண்டியோடு நின்றுவிட்டார். உன் பக்கத்தில் நான் மட்டும்தான். மயக்கம் தெளிந்ததும் நீ முதலில் சொன்னது உனக்கு நினைவில்லை. நான் மறக்கவில்லை. "முள்ளு அசையலம்மா. ஆனா வண்டி நல்லாத்தான் ஏறுச்சு, சத்தத்திலேயே தெரிஞ்சுச்சு. இடது றெக்கைதான் தானா மடங்குற மாதிரி இருந்துச்சு" என்றாய். அதற்குப் பிறகு தூங்கிவிட்டாய். நீ எழுந்திருப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். அவர் கையில் அந்தக் குழாய். "பாத்தியா, சந்தனம்! முள்ளு வேலை செய்யல, வேகம் பத்தாம பையன் தூக்கிட்டான், அதான் விழுந்துச்சு!" என்றார். அவர் முகத்தில் பயம் போய் நிம்மதி வந்திருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். மாலைக்குள் நீயும் அதையே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். தம்பி, விழுந்த ஆள் நீ. ஏன் விழுந்தாய் என்று மற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததை நீ அப்படியே வாங்கிக்கொண்டாய். இனி எந்த விஷயத்திலும் அப்படி வாங்கிக்கொள்ளாதே, பொண்டாட்டி சொன்னாலும் சரி, முதலாளி சொன்னாலும் சரி.

உடைந்த வண்டியைக் கராஜுக்குக் கொண்டு வந்ததும் நான் என் துணியைத்தான் பார்த்தேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் எத்தனை ரவிக்கையை என்னிடம் தைக்கக் கொண்டு வருகிறார்கள்! முள்ளில் மாட்டி ஒரே இழுப்பில் கிழிந்ததையும், கை ஆடி ஆடி அக்குளில் தேய்ந்து கிழிந்ததையும் நான் தொட்டே சொல்வேன். ஒரே இழுப்பில் கிழிந்தால் நூல் நீளமாக, சுத்தமாக இருக்கும். தேய்ந்து கிழிந்தால் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து அழுக்கேறி இருக்கும். இடது இறக்கை மடிகிற இடத்தில் நான் வைத்த துண்டு, உள்பக்கம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. அந்தப் பஞ்சுக்குள் கிரீஸ் ஊறிக் கறுத்திருந்தது. விழுந்த அன்றைக்குக் கிழிந்தது இல்லை அது. உள்ளே இரும்பு வெகு நாளாக ஆடியிருக்கிறது. விமானம் ரோட்டில் ஓடாது, கார் ஆகாயத்தில் போகாது. நம் வண்டி இரண்டும் செய்கிறது. ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அந்த மூட்டு தளர்ந்து, ஆகாயத்தில் போய்க் கைவிட்டிருக்கிறது. என் புத்திக்குப் பட்டது இதுதான்.

அன்றைக்கே அந்தத் துண்டை அப்பாவிடம் கொண்டு போய் விரித்துக் காட்டினேன். உனக்கு இது தெரியாது, நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். "தையக்காரி துணியப் பாரு. இரும்ப நான் பாத்துக்கிறேன்" என்றார். "துணி இரும்போடதானே ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு? அது பார்த்தத நீங்க பார்க்கலையே?" என்றேன். கத்தினார். நானும் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில், அடுத்த வண்டிக்கு மூட்டில் போடுகிற ஆணியைத் தடிப்பாக்குகிறேன் என்றார். தடிப்பாக்கினார் என்றுதான் நினைக்கிறேன். அது போதுமா, போதாதா என்று எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு இரும்பு தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

முருகேசுவுக்கு நடந்ததை நினைத்தால் ஆத்திரம் இன்னும் அடங்க மாட்டேன் என்கிறது. அப்பா அவன் சட்டையைப் பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். கடைவீதியில் அவனை, "சந்தனம் வருது, வண்டியை மறைச்சு வைங்க" என்று கேலி செய்தார்கள். எத்தனை வருஷம் அப்பாவோடு லொறிக்கடியில் கிடந்த மனுஷன்! வேலையை விட்டான். பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கே போய்விட முடிவு செய்தான். ஸ்டேசனுக்கு நான் போனேன். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "அக்கா, நான் பொட்டு வச்சது அம்புட்டுப் பெரிய தப்புங்களா? தம்பி சாகப் பாத்துச்சே" என்றான். "அது இல்ல முருகேசு, றெக்கை மூட்டு தேஞ்சு போச்சு, நான் பாத்தேன்" என்றேன். தலையை ஆட்டினான். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அது அவன் கண்ணிலேயே தெரிந்தது. கோச்சி கிளம்பிவிட்டது. செய்யாத கொலையைச் செய்தவன் போலக் கடல் தாண்டிப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது, ஸ்டேசனிலேயே அழுதேன்.

இப்போது இரண்டாவது வண்டி. முன்னதைவிட அழகு, நானே சொல்கிறேன். பந்தயத் திடலில் எத்தனையோ தடவை பறந்து காட்டிவிட்டாய், ஒரு சின்னப் பிசகு இல்லை. ஆனால் இந்த வண்டி திடலுக்கு எப்படிப் போனது? யோசித்துப் பார். ஒரு தடவையாவது ஓட்டிக்கொண்டு போனீர்களா? "பெயின்டு கெட்டுப் போகும்", "மழை வரும்போல", "பொலிஸ் தொல்லை" என்று ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஒரு காரணம். ஒவ்வொரு தடவையும் லொறி. வைக்கோல் மெத்தை போட்டு, கயிறு கட்டி, கல்யாணப் பெண்ணைப் போலக் கூட்டிப் போகிறார். ரோட்டுக் குலுக்கலையே பார்க்காத மூட்டு பறக்கும்போது ஏன் ஆடப் போகிறது? இரத்மலானைக்கும் லொறியில்தான் போகிறது. அங்கேயும் நன்றாகப் பறக்கும். உன்னை நினைத்து எனக்குப் பயமே இல்லை. உத்தியோகத்தர்கள் கை கொடுப்பார்கள். பிறகு பன்னிரண்டு வண்டி செய்வீர்கள், அதை வாங்குகிறவர்களிடமும் லொறி இருக்குமா? அந்தப் பன்னிரண்டில் முதல் வண்டிக்குச் சொல்லி வைத்திருப்பது யார்? உன் தோள் எலும்பைச் சேர்த்து வைத்த அதே டாக்டர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் தோட்டமாக ஓடி ஓடி வைத்தியம் பார்க்கிற மனுஷன். அவர் காலையில் அந்தக் குழி ரோட்டில் ஓட்டுவார், மத்தியானம் இறக்கையை விரிப்பார், சாயங்காலம் மறுபடி மடக்கி ஓட்டுவார். நாள் தவறாமல். கீழே என்ன திடலா இருக்கிறது, பள்ளத்தாக்குதானே?

அப்பா வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். வண்டி ரோட்டில் ஓடினால் என்ன தெரிந்துவிடுமோ என்ற பயம். தெரிந்துவிட்டால் சுவரில் கரிக்கட்டியால் வரைந்த நாளிலிருந்து செய்ததெல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். முடி நரைத்துவிட்டது, கையும் நடுங்க ஆரம்பித்துவிட்டது, நீ கவனித்தாயோ என்னவோ. சிதம்பரம் முதலாளியும் இன்னொரு தரம் பொறுக்க மாட்டார். அதனால்தான் லொறி லொறி என்று பறக்கிறார். அப்பாவை நீ எவ்வளவு வேண்டுமானாலும் நேசி, தம்பி. காலைப் பிடித்துவிடு, கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்று. ஆனால் அவர் பயத்துக்கு நீ துணை போகாதே. பெற்றவர்களின் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள், பயத்தை மட்டும் விட்டுவிடு. என்னுடையதையும்தான். நான் இன்றைக்கு எத்தனை தரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன் என்று நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

இப்போது நான் செய்திருப்பதைக் கேள். கத்தாதே. நீங்கள் கிளம்பியதும் இங்கே வண்டி நிற்கிற கொட்டகையைத் திறந்து உள்ளே போனேன். இரண்டு இறக்கையிலும் மடிகிற இடத்துத் துணியை என் கத்தரியால் வெட்டித் திறந்துவிட்டேன். பூசி, காய்ந்து, பெயின்ட் அடித்த துணி. வெட்டும்போது என் பிள்ளையின் தோலை வெட்டுவது போல இருந்தது. அந்தத் துணி இல்லாமல் வண்டியை யாரும் பறக்கவிட மாட்டார்கள், அப்பாவும் விட மாட்டார். திரும்பத் தைக்க எனக்குக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் அட்டனில் தைக்க மாட்டேன். நாளை வண்டி லொறியில் ஏறக்கூடாது. இறக்கையை மடக்கி, நீ ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கினிகத்தேனை வளைவெல்லாம் இறங்கி, கித்துல்கலை, அவிசாவளை என்று கொழும்புவரை. பக்கத்து சீட்டில் அப்பா வேண்டாம், நான் வருகிறேன். அப்பா பின்னால் பஸ்ஸில் வரட்டும். மடித்த இறக்கை எப்படிக் குலுங்குகிறது என்று அவரும் ஒரு தடவை பார்க்கட்டும்.

திடலில் இறக்கையை விரித்ததும், அந்த உத்தியோகத்தர்கள் பார்க்க, நான் வெட்டிய இடத்துக்குள் கையை விட்டு மூட்டைப் பிடித்து ஆட்டிப் பார். அசையாமல் நின்றால் அப்பா சொன்னதுதான் சரி. எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து தைத்துத் தருகிறேன், நீ பற. ஆடினால் அந்த இடத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடு. வண்டி இன்னும் முடியவில்லை, மூட்டை மாற்றிக்கொண்டு வருகிறோம் என்று சொல். ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ, மறுபடி செய்வோம். நானும் மறுபடி தைக்கிறேன். அப்பா முகத்தைப் பார்த்து உனக்கு வாய் வராமல் போகலாம். அப்படிப் போனால் நான் சொல்வேன். அதற்காகத்தான் கூட வருகிறேன்.

கடிதத்தை வண்டியில் நீ உட்காருகிற சீட்டில் வைக்கப் போகிறேன். லொறி மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்கிறது. டிரைவருக்கு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அப்பாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன், கராஜிலிருந்து சத்தம் வந்தால் நீ நடுவில் வராதே. வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் போட்டு வை.

அம்மா